கீழே கிளினிக், மேலே ஆடும் பல்

போன மாதம் கடற்கரையில் சுட்ட சோளம் வாங்கித் தின்றோம். நான் சோளத்தைக் கடித்தேன். சோளம் என் கணவரைக் கடித்தது.

"ஏய்... ஆடுதுடி!" என்றார்.

முன்பல். மேல்வரிசையில் நட்டநடு. நாக்கால் தள்ளினால் முன்னே போகிறது, விட்டால் பின்னே வருகிறது. அடுத்த ஞாயிறு, பாதி நாள் பஸ்ஸில் போகவேண்டிய ரங்கத் ஊரில், மாப்பிள்ளை வீட்டில், எங்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா சிரித்தால் ஆல்பத்தில் ஆயுசுக்கும் ஓட்டை தெரியாதா?

இது திடீரென்று வந்த ஆட்டம் இல்லை. ஒரு வருடமாகவே பிரஷ் போட்டால் ஈறுகளில் ரத்தம். மனிதர் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? பிரஷ் போடுவதையே நிறுத்திவிட்டார்! "இப்ப ரத்தம் வரல பாத்தியா?" என்று பெருமை வேறு.

"டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றால் ஒரே பதில்தான்.

"மெயின்லேண்ட் போறப்ப பாத்துக்கலாம்."

தீவு வாசகர்களுக்கு இந்த மெயின்லேண்ட் வியாதியை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பீரோ பக்கத்தில் ஒரு பை தொங்குகிறது. சென்னை போனால் ரிப்பேர் செய்யவேண்டிய சாமான்கள் அதில் இருக்கும். மிக்ஸி ஜார், ஓடாத வாட்ச், குக்கர் மூடி... ஏன், போர்ட் பிளேரில் மிக்ஸி ரிப்பேர் கடை இல்லையா? இருக்கிறது. ஆனால் சென்னையில் செய்தால்தான் இவருக்குச் செய்த மாதிரி. பல்லையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

கொடுமை என்னவென்றால், பத்துபஸ்தியில் எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருப்பதே ஒரு பல் கிளினிக்! டாக்டர் மிதாலி — பெங்காலிப் பெண், ஈறு வைத்தியத்தில் ஸ்பெஷலிஸ்ட். தெற்குக் கடைசியில் இருக்கும் கேம்பல் பேயிலிருந்துகூட நோயாளிகள் கப்பலேறி வந்து வாசலில் காத்திருக்கிறார்கள். இவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்ல டாக்டர், தைரியமா போங்க" என்று அவர்களுக்குச் சிபாரிசு செய்வார்!

ஞாயிற்றுக்கிழமைக்குள் சென்னை போய்த் திரும்ப ஃப்ளைட் டிக்கெட் கிடைக்கவில்லை. கப்பலைக் கேட்கவே வேண்டாம். வேறு வழியில்லாமல் கீழே கிளம்பினார். எப்படி? அயர்ன் செய்த பேண்ட், ஷூ, சென்ட். பழக்க தோஷத்தில் அந்தப் பையையும் தூக்கிக்கொண்டார்!

டாக்டர் பையைப் பார்த்தார். "அங்கிள், மெயின்லேண்ட் ஜா ரஹே ஹோ க்யா?" மெயின்லேண்ட் கிளம்பிவிட்டீர்களா என்று கேட்கிறார்.

"நஹி பேட்டி... இதர்தான் ஆயா" என்று, இங்கேதான் வந்ததாகத் தன் அரைகுறை ஹிந்தியில் அசடு வழிந்தார் இவர்.

வாய்க்குள் பார்த்த டாக்டர், துணைக்குப் போயிருந்த என் பக்கம் திரும்பினார். "ஆன்ட்டி, தாந்த் டீக் ஹை. மசூடா கராப்."

பல்லில் ஒரு குறையும் இல்லையாம். அதைப் பிடித்திருக்கும் ஈறுதான் கெட்டு, உள்ளே எலும்பும் கரைந்திருக்கிறதாம். அழுக்கு சேர்ந்ததால்தான் ரத்தமே வந்தது. பிரஷை நிறுத்தியதும் அந்த அழுக்கு கல்லாக இறுகிவிட்டது.

இவர் பில்டிங் கான்ட்ராக்டர். அஸ்திவாரம் போச்சு என்றதும் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"பேட்டி, சண்டே வரைக்கும் நிக்குமா?" என்றார், தமிழிலேயே.

நின்றது. டாக்டர் கல்லைச் சுரண்டி எடுத்து, ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு பின்பக்கமாகக் கம்பி வைத்துக் கட்டிவிட்டார். ரங்கத் பஸ் குலுங்கும்போதெல்லாம் தாடையைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார் இவர். சம்பந்தியம்மா மொறுமொறுவென்று தட்டை சுட்டுக் கொடுத்தபோது, "டீல ஊறவச்சு சாப்பிட்டாதாங்க ருசி" என்று சமாளித்தார். போட்டோவில் மகளைவிட அகலமாகச் சிரித்தது யார் என்று நான் சொல்லவேண்டுமா?

ஊர் திரும்பியதும் ஆளே மாறிவிட்டார். "எதுக்கெடுத்தாலும் என்ன மெயின்லேண்ட்? எல்லாம் இங்கயே இருக்கு" என்று பார்ப்பவர்களுக்கெல்லாம் உபதேசம். மிக்ஸி ஜார்கூட உள்ளூர்க் கடைக்குப் போய்விட்டது. நேற்றுக் காலை, டாக்டரிடம் கம்பியைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று உற்சாகமாக இறங்கினார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

கிளினிக் பூட்டியிருக்கிறது. டாக்டருக்குக் கடைவாய்ப் பல்லில் வலியாம்... காட்டுவதற்குக் கொல்கத்தா போயிருக்கிறார்!