சாம்பிராணிக் கங்கு

என் வாய்க்கு எங்கள் மாடியில் பயப்படாதவர்கள் இல்லை. குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் ஒற்றை அறை வீடு. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் சாமி படங்கள், நடுவில் நானும் என் வீட்டுக்காரரும். அங்கே நான் வைத்ததுதான் சட்டம். இப்போது நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் துறைமுகத்தில் கிராணி. நாள் முழுக்கக் கப்பலடியில் நின்று சரக்குக் கணக்கு எழுதுகிற வேலை. சர்க்கரை ஏறி இனிப்புநீர் வியாதி வந்து சில வருஷங்களில் பாதம் மரத்துப்போனது. கிளினிக்கில் நர்ஸாக இருந்த மிஸி, நம் தமிழ்ப் பெண்தான், பொறுமையாகச் சொல்லி அனுப்பினாள். தினமும் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும், விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது, காலாணியை பிளேடால் சீவக் கூடாது, வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கவே கூடாது.

மற்றதையெல்லாம் நானே பார்த்துப் பார்த்துச் செய்தேன். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கென்று அவர் புதிதாக வாங்கி வந்த ரப்பர் செருப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமி இருக்கிற வீட்டுல செருப்பா? வெளியிலயே விடுங்க."

மிஸி சொன்னதை அவர் மெல்ல எடுத்துச் சொல்லிப் பார்த்தார். மிஸி அவள் வீட்டில் எப்படியும் இருந்துகொள்ளட்டும் என்றேன். அவர் செருப்பை எடுத்துப்போய் வாசலுக்கு வெளியே விட்டார். சண்டை போடத் தெரியாத மனுஷர்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்பிலிருந்து கங்கு அள்ளிச் சாம்பிராணி போட்டேன். அதில் ஒன்று தரையில் விழுந்ததைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். புகையோடு வேறு ஏதோ வாடை வந்தது. என் முடிதான் கருகுகிறதோ என்று தலையைத் தடவிப் பார்த்தேன். அப்புறம்தான் அவர் காலைப் பார்த்தேன். கங்கை மிதித்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அன்றைக்கே கிளினிக்குக்கு ஓடியிருக்க வேண்டும். அந்த மிஸி முகத்தில் எப்படி விழிப்பேன்? மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் பற்றுப் போட்டேன். வலிக்கவில்லை என்று அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டேன். நாலாம் நாள் பாதம் கறுத்து வீங்கி நாற்றமெடுத்தது. காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தார். டாக்ஸியில் என் மடியில் கிடந்த காலைப் பார்க்கவும் முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை. என் காலை எடுத்துக்கொள் தாயே என்று காளியிடம் கெஞ்சினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

காலை முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊசி போட்டுக் காய்ச்சல் தணிந்து தெளிந்ததும் அவர் கையெழுத்துப் போட்டார். எங்கே சுட்டது, காலில் செருப்பு இருந்ததா என்று அங்கிருந்த வேறொரு தமிழ் மிஸி கேட்டாள். அவர் என்னைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"வேலை எடத்துல மிஸி. சூடா கெடந்த இரும்பு, கவனிக்காம மிதிச்சிட்டேன். செருப்பு போடுங்கன்னு இவங்க சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க, நாந்தான் கேக்கல."

மிஸி அதை எழுதிக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க என்னம்மா செய்வீங்க பாவம்," என்றாள். நான் தலையாட்டினேன்.