வாய்க்காலில் இறங்கி அளந்தவன்

ஒவ்வொரு தோட்டமும் பாசனத்துக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று அளப்பது என் வேலை. அதற்கு முன்பு ஒரு தையல் கடையில் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். பிறர் இடுப்பைச் சுற்றி நாடா பிடித்தே பழகியதில், என் இடுப்பு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கவனிக்கவில்லை. பாசன அலுவலகத்தில் ஆள் எடுத்தபோது, "அளவெடுத்த அனுபவம் இருக்கா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். எதை அளந்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

பெரிய கால்வாயிலிருந்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு சிறு வாய்க்கால் பிரியும். ஒரு வாசற்படி அகலம் இருக்கும். அதன் தலைப்பில், கோடு போட்ட இரும்புச் சட்டம் ஒன்று தண்ணீரில் நிற்கும். தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று நான் குறித்துக் கொடுத்தால், எவ்வளவு ஓடுகிறது என்று அலுவலகத்தில் கணக்குப் போடுவார்கள். தன் பங்கைத் தீர்த்துவிட்ட தோட்டத்துக்கு மடையை அடைத்துவிட வேண்டும்.

மற்ற அளவுக்காரர்கள் கரையில் நின்றே பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் அந்த ரகம் இல்லை. வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஓட்டத்தை எதிர்த்து நின்று, மூக்கு இடிக்கிற தூரத்தில் கோட்டைப் பார்ப்பேன். எனக்குக் கிட்டப்பார்வை என்பது ஒரு காரணம். நாலு பேர் பார்க்க வேலையில் சுத்தமாக இருப்பது அதைவிடப் பெரிய காரணம்.

நான் வேலைக்குச் சேர்ந்த பருவத்தில் வெள்ளரி போட்டிருந்த ஒரு அம்மாவின் பங்கு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. மடையை அடைக்கப் போனேன்.

"எப்பவும் அறுவடை முடிஞ்சும் மிச்சம் இருக்குமே சார். நீங்க வந்த பிறகு எப்படிப் பத்தாம போகுது?"

"முன்னாடி இருந்தவர் கரையில நின்னு பாத்திருப்பாரும்மா. நான் இறங்கிப் பாக்குறவன்."

இதைச் சொன்னபோது சட்டைக் காலரைக்கூட இழுத்துவிட்டுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மா அலுவலகத்தில் புகார் கொடுத்தார். பெருமையாக வீட்டில் வந்து சொன்னேன்.

"நேர்மையா இருந்தா நாலு பேர் ஏசத்தான் செய்வாங்க" என்றேன்.

"நேர்மையை ஏசுறாங்களா, உங்களை ஏசுறாங்களான்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, என் மனைவி எனக்கு வைத்திருந்த சோற்றில் ஒரு கரண்டியைத் திரும்ப எடுத்துப் பானையில் போட்டாள்.

புகாரை விசாரிக்க, ஒருநாள் மட்டும் மடையைத் திறந்து அளந்து வரச் சொன்னார்கள். போனேன், இறங்கினேன், பார்த்தேன். அதே அளவுதான். வெற்றியோடு கரையேறினால் தோளில் துண்டைக் காணோம். சட்டத்தின் மேலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறேன். கண்ணை இடுக்கித் திரும்பிப் பார்த்தால் தண்ணீர் இரண்டு கோடு இறங்கியிருந்தது. மேலே யாரோ கால்வாயை அடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். துண்டை எடுக்க இறங்கினேன். தண்ணீர் ஏறியது. கரைக்கு வந்தேன். இறங்கியது. இன்னொரு முறை இறங்கிப் பார்த்தபோதுதான் என் வயிற்றில் தண்ணீர் முட்டித் தேங்கி நிற்பதைக் குனிந்து பார்த்தேன்.

மண்வெட்டியோடு பாத்தி ஓரத்தில் நின்ற அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன சார், ஏறி ஏறி இறங்குறீங்க? உடம்பு சரியில்லையா?"

"உடம்புதான்ம்மா பிரச்சினை. உங்க தண்ணிக் கணக்குல நானும் சேந்திருக்கேன்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப மடையைத் திறந்தே வைப்பீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார்.

மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நான் எவ்வளவு தண்ணீரை ஏற்றுகிறேன் என்று தெரிந்தால்தான் பழைய அளவுகளைத் திருத்த முடியும் என்றார். மறுநாள் தோட்டம் தோட்டமாக என்னை வாய்க்காலில் இறக்கி, கரையில் நின்று குறித்துக்கொண்டார். சும்மா இருந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"வழக்கமா நிக்கிற மாதிரியே நில்லுங்க."

"அப்படித்தான் மேடம் நிக்கிறேன்."

"இல்ல, வயித்தை உள்ள இழுத்துப் பிடிக்கிறீங்க. கோடு இறங்குது. விடுங்க."

விட்டேன். கோடு ஏறியது. கரையில் யாரோ கை தட்டினார்கள்.

தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் தண்ணீர் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த அம்மாவின் வெள்ளரியில் மேற்குப் பக்கப் பாத்திகள் அதற்குள் கருகிவிட்டன. மன்னிப்புக் கேட்டேன். "இந்தத் துண்டைப் போன வாரம் மறந்திருக்கக் கூடாதா?" என்றார்.

எனக்கு 'மடை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கடைசி இரண்டு எழுத்தை மரியாதைக்காக விழுங்கியிருக்கிறார்கள் என்பது என் மனைவியின் கருத்து.

இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் கரையில் நின்றுதான் பார்க்கிறேன். மற்ற தோட்டங்களில் நான் சொல்வதை நம்பிக்கொள்கிறார்கள். வெள்ளரித் தோட்டத்து அம்மா மட்டும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, தானும் ஒருமுறை குனிந்து கோட்டைப் பார்த்துக்கொள்கிறார். ஒதுங்கி வழி விடுகிறேன். கொஞ்சம் அதிகமாகவே ஒதுங்க வேண்டியிருக்கிறது.