போல்ட்டுல வச்ச மெழுகு

அப்பா சாகுறதுக்கு முன்ன குண்டசாலை கராஜுல கொண்டாந்து விட்ட லொறி இது. இன்னைக்கு மெக்கானிக் பாஸ் எஞ்சின்ல புகை போற குழாய, அந்த மெனிபோல்ட்ட கழட்டயில ஒரு போல்ட்டு தலை உடைஞ்சிருச்சு. உள்ள சிக்குன மிச்சத் துண்டு எளகி வரட்டும்னு நல்லா சூடாக்கி மெழுகுதிரிய வச்சாரு. அந்த மணத்துக்கு எங்க கலகெதர வீடு ஞாபகம் வந்துருச்சு.

அப்ப எனக்கு எட்டு வயசு. மாத்தளையில சின்னம்மாவுக்கு கல்யாணம். எல்லாரும் புதுத்துணி உடுத்தி, இதே லொறியோட பின்தட்டுல பாய் விரிச்சு உக்காந்துட்டோம். எஞ்சின் சத்தம் கூடுதலா இருக்குன்னு அப்பா அந்த நேரம் பாத்து மெனிபோல்ட் போல்ட்ட இறுக்கப் போனாரு. இறுக்குன இறுக்குல உடைஞ்சிருச்சு. சூடாக்கி, மெழுகு வச்சிட்டு, பக்கத்துலயே குந்திக்கிட்டாரு.

"என்னங்க, தாலி கட்டுற நேரம் வந்துரும்," அம்மா சொன்னாங்க.

"அவசரப்பட்டா மிச்சமும் உள்ளுக்கே உடைஞ்சிரும் புள்ள. மெழுகு எறங்கட்டும்."

"இந்த லொறிகிட்ட காட்டுற பொறுமைய என்கிட்ட ஒருநாளாச்சும் காட்டியிருக்கீங்களா?"

"நீ உடையமாட்டியே."

எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா சிரிக்கல. நாங்க போய் சேரயில தாலி கட்டி முடிஞ்சு பந்தி நடந்துச்சு.

இப்ப அப்பா போய் ஒரு மாசமாச்சு. எனக்கு இன்னும் அழுகை வரல. லொறிய வித்துருன்னு மாமா சொல்றாரு. நானே ஓட்டுறேன்னு சொல்லிட்டேன்.

"கழண்டுருச்சு, புதுசும் போட்டாச்சு. ஸ்டார்ட் பண்ணு தம்பி," பாஸ் சொன்னாரு.

ஏறி உக்காந்தேன். சீட்டு அப்பா வச்ச எடத்துலயே இருந்துச்சு. கிளச்சுக்கு என் காலு எட்டல. முன்னுக்கு இழுத்தாத்தான் ஓட்டலாம். இழுக்காம அப்பிடியே உக்காந்திருந்தேன்.