மூன்று வாரம் காயாத கொய்யாக் கட்டை

கத்திக்குப் பிடி போடும் எத்திராஜ் அண்ணன் தவறிவிட்டார் என்று அவர் மகள் பக்கத்து வீட்டு போனில் சொன்னபோது குளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். துண்டைத் தோளில் போட்டபடி அங்கேயே நின்றுவிட்டேன். கிழக்குத் தாம்பரத்தில் அவரைத் தெரியாத கறிக்கடையோ ஓட்டலோ கிடையாது. தங்கமான மனிதர் என்பீர்கள். கூடவே, சரியான சோம்பேறி என்றும் சிரிப்பீர்கள். அந்தப் பெயரை அவருக்கு வைத்தவன் நான்தான். வைத்த கதையை இன்று சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் நடுவில், எங்கள் அப்பா இறந்த வருடம் அது. மாடம்பாக்கத்தில் கிணற்றை ஒட்டிய நிலத்தை என் தம்பி சேகர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மனை போடுகிறவர்களிடம் பேசி முடித்துவிட்டான். எனக்குக் கண்மண் தெரியாத கோபம். வண்டலூர்ப் பக்கம் ஒரு கொல்லரிடம் பழைய லாரி வில்பட்டையில் கத்தி அடித்து வாங்கிக்கொண்டு நேராக மார்க்கெட்டில் எத்திராஜ் அண்ணன் கடைக்குப் போனேன். முழுக்கையும் பிடிக்கிற மாதிரி நீளப் பிடி வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்றேன். எதற்கு என்றார். கோழி வெட்ட என்றேன்.

“புரட்டாசி மாசத்துல இன்னாத்துக்கு கோபாலு கோழி?”

அந்த மாதம் எங்கள் வீட்டில் முட்டைகூட உடைக்க மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தார். கத்தியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, கொய்யாக் கட்டை ஈரமாக இருக்கிறது, இப்போது போட்டால் தை மாதம் பிடி ஆடும், காயட்டும் என்றார்.

தினமும் போய் நின்றேன். தினமும் டீ வாங்கிக் கொடுத்தார். என் கண்ணெதிரே மற்றவர்களின் கத்தியில் பிடிக்குள் போகும் வாலைப் பழுக்கக் காய்ச்சி, அதே குவியலில் இருந்த கட்டையில் அரை மணி நேரத்தில் இறக்கிக் கொடுத்தார். ஏன் என்று கேட்டால், “அவங்களுக்கு அவசரம்பா” என்பார். மார்க்கெட்டே கேட்கும்படி சோம்பேறி என்று திட்டினேன். டீக்கடை வரை போய்ச் சொன்னேன். அவர் மறுநாளும் டீ வாங்கிக் கொடுத்தார். வேறு கத்தி வாங்க எனக்குத் தோன்றவும் இல்லை. கோபத்துக்கு அவ்வளவுதான் புத்தி.

மூன்றாவது வாரம் சேகருக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவனே ஓடிவந்து, “நீ வந்து பாத்தாதாண்ணா பேரு வெப்பேன்” என்று வாசலில் நின்று அழுதான். போனேன். மறுநாள் அண்ணனிடம் கத்தியைப் பற்றிப் பேசாமல் குழந்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, அதே குவியலிலிருந்து ஒரு கட்டையை எடுத்தார். டீ ஆறுவதற்குள் பிடி தயார். நான்கு விரல்கூட அடங்காத குட்டைப் பிடி.

“வூட்ல காய் நறுக்கிக்க. பெரிய வேலைக்கு இது ஒத்துவராது.”

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதுதான் இப்போது வலிக்கிறது.

நேற்று அவரைத் தூக்கிப் போனபோது, சுடுகாடு வரை தோள் மாற்றாமல் சுமந்தவன் சேகர். திரும்பும்போது, “நல்ல மனுஷன்ணா, வேலைலதான் கொஞ்சம் சோம்பேறி” என்றான். நடுத்தெருவில் அவனிடம் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

தம்பி, அந்தப் பிடி நீளமாக இருந்திருக்க வேண்டியது. அன்றைக்கே போட்டிருந்தால், நான் உன் வீட்டுக்குத்தான் வந்திருப்பேன். எத்திராஜ் அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது உன்னைத்தான்.