அம்மன் கிடாவுக்குக் கயிறு

தாம்பரத்துக்குக் கிழக்கே இருந்த முட்காட்டுக்குத் துளசிங்கம்தான் காவலர். மனுஷர் பொல்லாத முன்கோபி. விறகு பொறுக்க வருகிறவர்களை ரோடு வரைக்கும் விரட்டுவார். வெளிமான்களைக் கண்டால் மட்டும் குழைந்துபோவார். ஒரு காலத்தில் மந்தையாகத் திரிந்த மான்கள், எண்பத்தெட்டாம் வருஷத்தில் விரல்விட்டு எண்ணும்படி ஆகியிருந்தன.

அந்தக் கோடையில் அவையும் இளைத்து, கழிந்து, ஒவ்வொன்றாக விழுந்தன. செத்த மான் ஒன்றை அறுத்துப் பார்த்த கால்நடை டாக்டர் ஞானஜோதி, இரைப்பைக்குள் நூல் நூலாக நெளிந்த புழுக்களைக் காட்டினார்.

"ரத்தம் குடிக்கிற புழு. ஊர் ஆட்டுலேருந்து வந்திருக்கு. ஆட்டுப் புழுக்கையிலேருந்து புல்லுக்கு ஏறும், அந்தப் புல்லை மான் மேயும். உள்ளே ஆடு வருதா?"

"ஒரு ஆடு வராது சார்!" என்று எகிறினார் துளசிங்கம். சொல்லி வாய் மூடவில்லை, அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. செல்லியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாக்களை அவர் ஆட்டுக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. மஞ்சள் பூசி விட்டுவிட்டால் ஆடித் திருவிழா வரைக்கும் அது அம்மன் சொத்து, கட்டக்கூடாது, விரட்டக்கூடாது. இற்றுப்போன வேலிக்குள் அவை நுழையும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு வழிவிட்டவர் அவர்தான். அட பாவி மனுஷா! என் மானுக்கு நானே எமனாயிட்டேனே என்று வேலியோரம் உட்கார்ந்து அழுதார்.

கிடாக்களைக் கட்டிப்போடுங்கள் என்று ஊருக்குள் கெஞ்சினார். "அம்மன் கிடாவுக்கு ஏதுய்யா புழு?" என்று சிரித்தார்கள். முதலில் தன் வீட்டுக் கிடாவைக் கட்டினால்தான் பேச வாய் இருக்கும் என்று பட்டது. போன வருஷக் கடைசியில் அவர் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது மனைவி கிளியம்மாள் நேர்ந்துவிட்ட கிடா அது. பிடித்து வந்து முருங்கை மரத்தில் கட்டினார்.

"உன் உசுருக்கு நேந்துகினதுய்யா அது!" என்று கிளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுவாரமே அவருக்குக் குளிர்ஜுரம் கண்டது. தெய்வக் குத்தம் என்று ஊரே வாசலில் கூடிவிட்டது. கிளியம்மாள் கயிற்றை அவிழ்க்க ஓடினாள். துளசிங்கம் போர்வையோடு தள்ளாடி வந்து அவள் கையைப் பிடித்தார்.

"அவுக்காத மே. உள்ள ஒரு செனை மான் கீது. அது பொழச்சிக்கட்டும். நான் செத்துட்டா, அப்பால நீயே அவுத்து வுட்டுடு."

"நீ பூட்டா எனக்கு யாருய்யா கீறாங்க?"

அவர் பிடித்த கையை விடவில்லை. அந்தக் கை அனலாகக் கொதித்தது. கிளியம்மாள் அவரைத் தாங்கிக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு, கட்டியிருந்த கிடாவுக்குத் தழை வெட்ட அழுதபடியே போனாள்.