பொம்பள கேம்ஷாப்ட்

போன வாரம் தஞ்சோங் காராங் சாலையில் சிவப்பு விளக்குக்காகக் காரில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பழைய கார் வந்து நின்றது. நின்ற இடத்திலேயே எஞ்சின் விக்கிக்கொண்டிருந்தது. ஓட்டிய பையன் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, சத்தத்துக்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தானோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அவனிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. தம்பி, இந்தச் சாலைக்கு இவ்வளவு பெரிய கேம்ஷாப்ட் எதற்கு? அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. அவன் விட்டுப்போன பாதி எரிந்த பெட்ரோல் வாடை மட்டும் ஜன்னல் வழியே உள்ளே வந்தது.

அந்த வாடை இருக்கிறதே, அது என்னை நேராக எண்பதுகளில் கொண்டுபோய் இறக்கிவிடும். அப்போது கோலசிலாங்கூரில் ஒரு கார் சாமான் கடையில் கவுண்டரில் நின்றேன். தம்பி சேகரன் எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர். லோரி ஓட்டிய அப்பா எங்களுக்கு விட்டுப்போனது ஒரு ஜப்பான் கார். அவர் எனக்குத்தான் முதலில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பெண் முன்னேற்றம் என்று பெரிதாக எண்ணிவிடாதீர்கள். அன்றைக்குச் சேகரனுக்குக் கால் எட்டவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், மருந்து தெளிக்கும் விமானம் இறங்கிய பழைய ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. அங்கே கார் பந்தயம் நடத்தப்போவதாக வெளியூர் கிளப் ஒன்று அறிவித்தது. நேராக ஓடி, கடைசியில் வைத்த எண்ணெய் டிரம்மைச் சுற்றித் திரும்பிவர வேண்டும். யார் நேரம் குறைவோ அவருக்குக் கோப்பை. நான் ஓட்டுகிறேன், என் பெயரில் ஓட்டுகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

“பொண்ணு பாக்க வர்றவங்க காதுல விழுந்தா என்னடி ஆவறது?” என்றார் அம்மா.

“விழட்டும்மா. மாப்பிள்ள வீட்டுக்குக் காது நல்லா கேக்குதான்னு தெரிஞ்சிக்கலாம்.”

எங்கள் தோட்டத்து உதவி மானேஜர், நாங்கள் சின்னதுரை என்போம், அவரும் அந்தப் பந்தயத்துக்கு வருகிறவர்தான். அவர் காரில் டர்போ உண்டு. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான் அது. அது இல்லாத கார்களுக்குப் பந்தயத்தில் தனிக் கோப்பை. எங்கள் கடைக்கு ஸ்பார்க் பிளக் வாங்க வந்தவர், “டர்போ இல்லாம என்ன பண்ணாலும் தண்டம் லா” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் எஞ்சின் சொந்த மூச்சில்தான் ஓடும் என்று அன்றே முடிவு கட்டினேன். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து. வேறு சொத்து கிடையாது.

சொந்த மூச்சில் ஓடுகிற எஞ்சினுக்கு உயிரே கேம்ஷாப்டும் பிஸ்டனும்தான். வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு கேம்ஷாப்ட். பெரிய கேம் வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும். வேகம் ஏறினால் பேயாக இழுக்கும். மெதுவாகப் போனாலோ திணறும், இருமும். அந்தத் திணறலைக் குறைக்கக் காற்றை இறுக்கி அமுக்கும், தலை மேடான பிஸ்டன் வேண்டும். மேடு அதிகமானால் சாதாரண பெட்ரோலில் எஞ்சின் தட்டும். ஆக, ஒன்றைப் பார்த்துத்தான் மற்றதை எடுக்க முடியும். “உனக்குப் பொருத்தம் பாக்கணும்” என்று நின்ற அம்மாவிடம், இப்போதைக்குக் கேம்ஷாப்டுக்கும் பிஸ்டனுக்கும் பார்க்கிறேன் என்றேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

சுங்கை சோவில் பழைய சாமான் விற்கும் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒருவர் இருந்தார். மேசைமேல் செய்தித்தாளை விரித்து இரண்டு கேம்களை வைத்தார். ஒன்று மிகப் பெரியது, மற்றது நடுத்தரம். “சியாபா பாவா?” என்றார். யார் ஓட்டப்போவது என்று கேட்கிறார். நான்தான் என்றேன். உடனே சிரித்துக்கொண்டே நடுத்தரத்தை என் பக்கம் தள்ளினார்.

கூட வந்திருந்த சேகரன் அதைத் திரும்பத் தவுக்கே பக்கம் தள்ளினான். “பெருச எடுக்கா! இல்லாட்டி பொம்பள கேம்னு சிரிப்பானுங்க லா.”

எனக்கும் கை பெரியதன் பக்கம்தான் போனது. ரோஷம் யாரை விட்டது? ஆனால் கண்ணுக்குள் அந்த டிரம் நின்றது. அதைச் சுற்றும்போது வேகம் செத்துவிடும். அங்கிருந்து கார் எழ வேண்டும். பெரிய கேம் அந்த இடத்தில் இருமிக்கொண்டு நிற்கும். தவுக்கே சிரித்தார் என்பதற்காக நான் தப்பான கேமை எடுக்க வேண்டுமா? நடுத்தரத்தையே எடுத்தேன். அதற்குப் பொருத்தமாக, மேடு அளவான பிஸ்டன்களையும் எடுத்தேன்.

பிறகு நாங்கள் செய்த கூத்தை வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான். புது பிஸ்டன் மேலே வரும்போது வால்வு அதில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். மிருதுவான எதையாவது பிஸ்டன் தலையில் வைத்து, எஞ்சினை மூடி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, எடுத்து, நசுங்கியது போக மிச்சம் எவ்வளவு தடிமன் என்று அளப்பார்கள். சேகரன் ஆலையிலிருந்து ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு வெட்டிவந்தான். வைத்தோம், சுற்றினோம், எடுத்தோம். “பாருக்கா, வச்ச மாதிரியே இருக்கு. எடம் தாராளம்!” இருக்காதா பின்னே? ரப்பர் நசுங்கினால் மீளும். அது தெரியாதவர்களா நாங்கள்? காலையில் எழுந்தால் ரப்பர் முகத்தில் முழிக்கிறவர்கள். எஞ்சினைக் கிளப்பியதும் டக்கென்று ஒரு சத்தம், இரண்டு வால்வு வளைந்துபோயிற்று. நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயமே கூடி நின்று சிரித்தது.

வால்வுகளை மாற்றினோம். அடுத்த முறை பிஸ்டன் தலையில் வைத்தது, அம்மா பிசைந்து வைத்த முறுக்கு மாவில் ஒரு உருண்டை. காகிதமாக நசுங்கி வந்தது, இடம் போதவில்லை. படகு எஞ்சின் பழுது பார்க்கிற பட்டறையில் கொடுத்து, பிஸ்டன் தலையில் வால்வுக்குப் பள்ளம் வெட்டிவந்தோம். மாவு போன விஷயம் தெரிந்ததும் அம்மாவுக்குப் பேச்சு திரும்ப வந்துவிட்டது. வசவாகத்தான்.

பந்தயத்தன்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ‘பொம்பள கேம்’ என்ற பெயர் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது. நான் காதில் வாங்கவில்லை. சின்னதுரையின் கார் நேர்ப்பாதையில் பறந்தது. டிரம்மைச் சுற்றியதும் டர்போ மூச்சுக்குக் காத்துக்கொண்டு நின்றது. என் முறை வந்தது. சுற்றினேன், மிதித்தேன். மிதித்த கணமே கார் இழுத்தது. என் வாழ்க்கையில் நான் எடுத்த எந்த முடிவும் அப்படி உடனே பதில் சொன்னதில்லை. சின்னதுரையைவிட என் நேரம் குறைவு.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். “டர்போ இல்லாத கார்களில் முதலிடம், சேகரன்!” நான் என் பெயரைத்தான் கொடுத்திருந்தேன்; கூட நின்ற தம்பி பெயரை எழுதிக்கொண்டவனுக்கு, ஒரு பெண் ஓட்டுவாள் என்று தோன்றவே இல்லை போலும். கூட்டாளிகள் சேகரனை மேடைக்குத் தள்ளினார்கள். அவன் திரும்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினான். நான் மைக்கை வாங்கினேன்.

“ஓட்டுனது சேகரன் இல்ல, நான். அந்தப் பொம்பள கேமும் என்னோடதுதான்.”

அறிவிப்பாளர் சிரித்தார். “ஒரே குடும்பந்தானே, சாமா சாஜா லா” என்று கோப்பையைச் சேகரன் கையில் கொடுத்துவிட்டார். எல்லாம் ஒன்றுதானாம். ஒன்றில்லை. அன்றைக்கும் ஒன்றில்லை, இன்றைக்கும் ஒன்றில்லை.

ஓடுதளத்தில் இப்போது வரிசை வரிசையாக வீடுகள். லயத்தையும் இடித்துவிட்டார்கள். ஒழுகிய கூரைக்கும் ஊருக்கே ஒன்றாக இருந்த குழாய்க்கும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். பந்தயத்தைப் பார்த்தவர்கள் கிள்ளான், ரவாங் என்று சிதறிவிட்டார்கள். கல்யாண வீடுகளில் இன்னமும் யாராவது சொல்வார்கள், “உங்க தம்பி அந்தக் காலத்துல ரேஸ்ல ஜெயிச்சாரே!” என்று. சேகரன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “நான் இல்லீங்க, அக்கா” என்பான். ஒரு தடவைகூட அவன் சும்மா இருந்ததில்லை. போன வருஷம் அவனும் போய்விட்டான்.

இனி திருத்திச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். சொல்கிறேன். ஓட்டியது நான்.