வளைவில்லாத மலை

மலை பஸ் ஓட்டுகிறவரின் பெண்டாட்டிக்கு மலை ஆகாது என்றால் யார் நம்புவார்கள்? நாகஜோதி விஷயத்தில் திண்டுக்கல்லே நம்பியது. முதலில் நம்பியவர் அவள் புருஷன் தண்டாயுதபாணி.

மனுஷன் முப்பத்துமூன்று வருஷம் கொடைக்கானல் ரூட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டம்டம் பாறைப் பக்கத்து வளைவுகளை ஒற்றைக் கையால் திருப்புவார் என்று டிப்போவில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை அவரே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார் என்பது வேறு விஷயம். லட்சம் பேரை மலைக்கு ஏற்றி இறக்கியவர், கட்டிய மனைவியை மட்டும் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

கல்யாணமான புதுசில் ஒரு தடவை அவளும் ஏறினாள். இருபத்துநாலு வயசு, புதுச் சேலை, தலை நிறைய மல்லிகை. மூன்றாவது வளைவில் குமட்டியது. ஏழாவது வளைவில் முன்சீட்டுக்காரரின் வேட்டி நாசமானது. பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த தண்டாயுதபாணி, அத்தனை பேர் முன்னாலும், "உன்னையப் போய் மலைக்குக் கூட்டியாந்தேன் பாரு, என்னையச் சொல்லணும்" என்றார். எதிரே இறங்கி வந்த பஸ்ஸை மறித்து அதில் ஏற்றிவிட்டார். மலையடிவாரத்து வத்தலக்குண்டு வருகிற வரைக்கும் அவள் அழுதுகொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எல்லோரும் மேலே போவார்கள், நாகஜோதி கீழே இருப்பாள். மகள் ஹரிணிக்குக் கல்யாணமாகி, சம்பந்தி வீட்டாரோடு கொடைக்கானல் போனபோதுகூட இவளை வத்தலக்குண்டில் சொந்தக்காரர் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் வண்டி நகர்ந்தது. "நீ கீழயே இரு, போனதும் வந்துர்றோம்" என்பார்கள். வரும்போது மலைப்பூண்டும் பேரிக்காயும் வாங்கி வந்து கையில் கொடுப்பார்கள். வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது எதிரே சிறுமலை தெரியும். பதினெட்டு வளைவு. அதையும் அவள் தூரத்தில் வைத்துத்தான் பார்த்திருக்கிறாள்.

ஆனால் கீழே இருந்தவள் சும்மா இருக்கவில்லை. சித்தையன்கோட்டைப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளர். நூற்றெண்பது பிள்ளைகளுக்கு ஒரு நாளும் சோறு பத்தாமல் போனதில்லை, மிஞ்சி வீணானதும் இல்லை. அவளுக்கு ஒரு முறை உண்டு. பந்தி போடுமுன் எந்தப் பிள்ளை சாப்பிடும் என்று பார்க்க மாட்டாள், எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்றுதான் முதலில் விசாரிப்பாள். ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வழி செய்துவிட்டால் மற்றவர்கள் பாடு தானாக நடக்கும் என்பாள்.

அவளும் ஓய்வு பெற்ற வருஷம்தான் ஆஸ்திரியாப் பேச்சு வந்தது. தண்டாயுதபாணியின் சிநேகிதர் ஆனந்த்ராஜும் மலை டிரைவர். அவர் மகனுக்கு வியன்னாவில் வேலை. "வாங்கண்ணே, மூணு ஜோடியும் ஒரு தடவை போயிட்டு வந்துருவோம். பழைய அரண்மனை, கோட்டை, அதுக்குப் பின்னால பனிமலை" என்று ஆனந்த்ராஜ் ஆரம்பித்தார். மூன்றாவது ஜோடி, அவர்களோடு ஓடிய கண்டக்டர் மஸ்தான் பாயும் அவர் மனைவி ஜெய்தூன் பீவியும்.

இரண்டு டிரைவர்கள் சேர்ந்து ஊர் சுற்றத் திட்டம் போட்டால் எப்படி இருக்கும்? ஊர் இருக்காது, ரோடுதான் இருக்கும். அங்கே ஒரு பனிமலைச் சாலையில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதைச் செல்போனில் பார்த்ததிலிருந்து இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. ஒன்பது பேர் உட்காரும் வேன் வாடகைக்கு எடுப்பது, தாங்களே மாறி மாறி ஓட்டுவது. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் வெளிநாட்டில் ஓட்டுவதற்கான லைசென்ஸுக்கு மனுவும் கொடுத்துவிட்டார்கள்.

"அப்ப நானு?" என்று கேட்டாள் நாகஜோதி.

"உனக்கென்ன, கீழ ஊருக்குள்ள நல்ல ரூமாப் போட்டுருவோம். நீ செத்த நேரம் ரெஸ்ட் எடு. நாங்க மலைக்குப் போயிட்டு வந்துர்றோம்" என்றார் தண்டாயுதபாணி.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏழு கடல் தாண்டிப் போயும் வத்தலக்குண்டில் உட்காரச் சொல்கிறாரே இந்த மனுஷன்! ஆனால் என்ன செய்வது? வாந்தி வருகிற உடம்பு அவளுடையதுதானே.

பயணம் நல்லபடி அமைய வேண்டுமென்று பாஸ்போர்ட்டை முருகன் காலடியில் வைத்து வாங்கப் பழனிக்குப் போனார்கள். எப்போதும் படி ஏறுகிறவள், அன்றைக்கு முழங்கால் வலி என்று விஞ்ச்சில் உட்கார்ந்தாள். பெட்டி கம்பியில் இழுபட்டு நேரே மேலே போனது. ஊர் கீழே இறங்கியது. தென்னந்தோப்பு, குளம், சண்முகாநதிப் பக்கத்து வயல் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மேலே போய் இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குமட்டவே இல்லை.

இத்தனை வருஷமாகப் படியேறி வந்தபோதும் குமட்டியதில்லை. கேட்டால் "அது முருகன் கிருபை, அவன் மலைக்கு மட்டும் உனக்கு விலக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். அவளும் விழுந்து கும்பிட்டுவிட்டு நம்பிக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் சன்னிதியில் நின்றபோது கை தானாகக் குவிந்தது, மனசு மட்டும் கணக்குப் போட்டது. படியில் போனால் வரவில்லை. விஞ்ச்சில் போனால் வரவில்லை. பஸ்ஸில் போனால் வருகிறது. மலை எங்கே தப்பு செய்தது? தப்பு செய்தது வளைவு. வளைவு செய்த குற்றத்துக்கு முப்பத்தைந்து வருஷமாக மலையைத் தள்ளி வைத்திருக்கிறோம். "முருகா, இதைச் சொல்றதுக்கா இம்புட்டு நாளு எடுத்துக்கிட்ட" என்று வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து நாகஜோதி சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஹரிணி அனுப்பிய மேப்பைச் செல்போனில் பெரிதாக்கி, ஒவ்வொரு பாதையாக விரலால் தடவிக்கொண்டே போனாள். வளைவு வந்தால் நோட்டில் ஒரு புள்ளி. புள்ளி நிறைந்த பாதையை அடித்துவிட்டு அடுத்ததைப் பார்த்தாள். அந்த நாட்டில் மலைக்கு நடுவே குகை வெட்டி ரயில் விட்டிருந்தார்கள். இன்ஸ்ப்ரூக் என்று ஒரு பழைய ஊர். அந்த ஊரின் நடுத்தெருப் பக்கத்திலேயே விஞ்ச் மாதிரி ஒரு வண்டியில் ஏறி, பிறகு கயிற்று வண்டிக்கு மாறினால் அரைமணி நேரத்துக்குள் மலை உச்சி. புள்ளி ஒன்றுகூட விழவில்லை. அந்தப் பக்கத்தை அவள் மூன்று தடவை சரிபார்த்தாள்.

பிறகு மற்ற இரண்டு பெண்களுக்கும் போன் போட்டாள். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்காமல் அவளுக்குத் திட்டம் ஓடாது.

"அதை ஏன்க்கா கேக்குறீங்க" என்றாள் ஆனந்த்ராஜின் மனைவி செபஸ்தியம்மாள். "சலேத் மாதா திருவிழாவுக்கு வருசம் தப்பாம கொடைக்கானல் போறேன். வருசம் தப்பாம மடியில வாந்திக் கவரோடதான் போறேன். வேண்டுதல்ல சேத்துக்கிட்டேன்."

ஜெய்தூன் பீவி சிரித்தாள். "நான் மாத்திரையப் போட்டுத் தூங்கிருவேன் நாகு. அவுக கூட எட்டுத் தடவை போயிருக்கேன். கொடைக்கானல்ல எனக்கு பஸ் ஸ்டாண்டு மட்டும்தான் தெரியும்."

மூன்று பேருக்கு மூன்று பேர். நாகஜோதி தனியாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் அவள் வீட்டில் கூடினார்கள். சாப்பாடு முடிந்ததும் ஆனந்த்ராஜ் தன் முப்பத்தாறு வளைவுப் படத்தை எடுத்தார். நாகஜோதி அதற்கு மேலேயே தன் தாளை விரித்தாள். பள்ளியில் சுவரில் ஒட்டுவாளே கிழமை வாரியாகச் சாப்பாட்டுப் பட்டியல், அதே மாதிரி கட்டம் போட்டது. எட்டு நாள். காலை, மத்தியானம், சாயங்காலம். எந்த ஊர், எந்த ரயில், எங்கே உட்கார இடம், எங்கே சோறு. தலைப்பில் கொட்டை எழுத்தில் 'வளைவில்லாத மலை' என்று எழுதியிருந்தாள்.

"மதினி, வளைவு இல்லாம மலையா? எந்த ஊர்ல இருக்கு?" என்றார் ஆனந்த்ராஜ்.

"அந்த ஊர்லதான் இருக்கு. பாருங்க."

தண்டாயுதபாணி தாளைப் பார்க்கவே இல்லை. "ஏ, நான் மலையில முப்பத்துமூணு வருசம் வண்டி ஓட்டுனவன். உனக்கு என்ன தெரியும் மலையைப் பத்தி?"

மற்றவர்கள் முன்னால் அவர் அப்படிச் சொன்னது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் இந்தத் தடவை அவள் அழவில்லை.

"முப்பத்துமூணு வருசத்துல ஒரு நாளாவது பின்னால உக்காந்திருக்கிறவங்க என்ன பாடுபடுறாங்கன்னு திரும்பிப் பாத்திருக்கீங்களா?"

"டிரைவர் திரும்பிப் பாக்கக் கூடாது."

"அதான் நீங்க பாக்கல. நாங்க மூணு பேரும் பின்சீட்டு ஆளுங்க. எங்களுக்கு மலை ஒத்துக்கிரும். உங்க ரோடுதான் ஒத்துக்கிறாது."

மஸ்தான் பாய்தான் தொண்டையைச் செருமினார். "அண்ணே, மதினி சொல்றது வாஸ்தவம். நீங்க ரோட்டைப் பாத்தீங்க. கவரு குடுத்தது நான். ஒரு டிரிப்புக்கு எத்தனை கவருன்னு எனக்கில்ல தெரியும். என் பொஞ்சாதிக்கே எத்தனை தடவை மாத்திரை குடுத்திருக்கேன். என் ஓட்டு மதினி பக்கம்." செபஸ்தியம்மாள் எழுந்து வந்து நாகஜோதி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனந்த்ராஜ் மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். பிழைக்கத் தெரிந்த மனுஷன்.

தண்டாயுதபாணி மட்டும் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் உம்மென்று இருந்தார். மூன்றாம் நாள் காலையில் நாகஜோதி காபியோடு வந்தபோது, மேசையில் அவள் தாளை விரித்து வைத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செல்போனில் மேப்.

"நாலாம் நாளு தப்பா இருக்கு" என்றார்.

அவள் காபியை மேசையில் வைத்தாள். "என்ன தப்பு?"

"ஏரிக்கரை ஊருக்கு பஸ்ஸுன்னு போட்டிருக்க. இந்த ரோட்டுல வளைவு ஜாஸ்தி. மேலருந்து பாத்தா தெரியாது, ஏரி ஓரமா நெளிஞ்சு நெளிஞ்சு போகுது. ஓட்டுறவனுக்குத்தான் தெரியும்." அவர் விரல் இன்னொரு கோட்டின் மேல் நகர்ந்தது. "இதை விட்டுரு. ரயில்ல போனா ஏரிக்கு அங்கிட்டு இறங்கலாம். அங்கருந்து படகு. ஊருக்குள்ளயே கொண்டுபோய் விட்டுரும். உனக்கு ஒண்ணும் செய்யாது."

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவர் தலை நிமிரவில்லை. "அன்னைக்கு உன்னைய எதிர் பஸ்ஸுல ஏத்தி விட்டிருக்கக் கூடாது நாகு. பஸ்ஸை ஓரமா நிறுத்தித் தண்ணி குடுத்திருக்கணும்."

முப்பத்தைந்து வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை. நாலாம் நாள் கட்டத்தில் பஸ்ஸை அடித்துவிட்டு, ரயில், படகு என்று எழுதினாள்.

ஜூன் மாதம் புறப்பட்டார்கள். வியன்னாவில் அரண்மனை, சால்ஸ்பர்க்கில் கோட்டை, படகில் போய் ஏரிக்கரை ஊர் என்று பட்டியல் பிசகாமல் நடந்தது. ஆறாம் நாள் இன்ஸ்ப்ரூக்கில் கயிற்று வண்டி ஏறினார்கள். கீழே வீடுகள் சிறுத்துக்கொண்டே போக, தண்டாயுதபாணியின் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. கண்ணை இறுக மூடியிருந்தார். நாகஜோதி கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்கவில்லை.

உச்சியில் இறங்கினாள். காற்று முகத்தில் அறைந்தது. காலடியில் அங்கங்கே பனி கிடந்தது. பழக்கதோஷத்தில் ஒரு நிமிஷம் அசையாமல் நின்று வயிற்றைக் கவனித்தாள். வயிறு அமைதியாக இருந்தது. முன்னால் மலை, அதற்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் வெள்ளையாக இன்னும் மலை. எல்லாவற்றையும் மேலே இருந்து பார்த்தாள். சந்தோஷம் தாங்காமல் "ஹோ" என்று கத்தினாள். செபஸ்தியம்மாளும் ஜெய்தூன் பீவியும் சேர்ந்து கத்தினார்கள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் குடும்பம் எதற்கென்று தெரியாமலே கைதட்டியது.

வெளுத்த முகத்தோடு தண்டாயுதபாணி அவள் பக்கத்தில் வந்து நின்றார். "எம்புட்டு வருசத்தை வீணாக்கிட்டேன் நாகு" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்து, எதிரே இதைவிட உயரமாக நின்ற ஒரு வெள்ளை மலையைக் காட்டினாள்.

"அதை விடுங்க. அந்தா தெரியுது பாருங்க, அதுக்கு எப்படிப் போறதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு செல்போனை எடுத்தார்.